ஜார்ஜ் டவுன் சிறப்புப் பகுதித் திட்டம்: கடைவீட்டுக்காரருக்கு எவ்வளவு உதவும்?

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன் மையப் பகுதியும் சுற்றியுள்ள காப்புப் பகுதியும் சேர்ந்த 259.42 ஹெக்டேருக்கும் 2016-இல் அரசிதழில் வந்த இந்தத் திட்டம்தான் விதி. கையேடாகப் பார்த்தால் நல்ல வேலை. முதலில் வரைபடத்தில் உங்கள் கட்டடம் எந்த வகை என்று பாருங்கள். முதல் வகையென்றால், அதாவது பாரம்பரிய மதிப்பு மிக அதிகமென்றால், கைவைக்க இடமே குறைவு. புதுக் கட்டடத்துக்கு உயரம் 18 மீட்டர், அவ்வளவுதான்.

அதிகம் சொதப்புவது பூச்சில். பழைய செங்கல் சுவர் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும், செங்கல்லும் பொடியும். அதற்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சுதான்: ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர் கனத்துக்குள். பினாங்கு வெயிலில் ஈரச்சாக்கு போடாவிட்டால் பூச்சில் வெடிப்பு விழும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செலவெல்லாம் வீண்.

குறை ஒன்று, பெரியது. திட்டம் சுவரைக் காக்கிறது, வாடகைக்காரரை அல்ல. பழைய வீடுகளின் வாடகையை உயராமல் பிடித்துவைத்த வாடகைக் கட்டுப்பாடு 1997 சட்டத்தால் நீங்கியது. லெபு குயின் தெருவில், கடை முகப்பில் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையின் தரை ஓடு அப்படியே இருக்கும், பூக்கட்டுகிறவர் இருப்பாரா? அடுத்த திருத்தத்தில் சேர வேண்டியது இதுதான்.