ஜீப்ரா மீனும் கோலிக்குண்டும்: எங்கள் ஊர் வண்ண மீன் கடை பற்றி

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆடிக் காற்றில் ஒரு தடவை விழுந்தது. கடைக்கார அண்ணன் அதை எடுத்து உள்ளே சாய்த்து வைத்தார், அப்படியே இருக்கிறது. காரைக்குடியில் வண்ண மீன் கடைகள் சில உண்டு. நான் சொல்வது ஒரு பழைய வீட்டின் முகப்பில் இருக்கும் கடை. முகப்பில் மீன் தொட்டி, உள்ளே வளவில் அவருடைய ஆத்தா காயப்போட்ட மிளகாய் வற்றல். கடைக்குள் எப்போதும் இரண்டு வாசனையும் கலந்தே வரும்.

மூன்று வருடமாக மாதம் இரண்டு தடவையாவது போகிறேன். வீட்டில் வைத்து அழகு பார்க்க இல்லை. என் முனைவர் பட்ட ஆய்வு, உடம்பில் கோடு போட்ட சின்ன மீனான ஜீப்ரா மீனின் கருவளர்ச்சியில். டிபிஎக்ஸ்5 என்று ஒரு மரபணு. மனிதரில் அது பழுதானால் வருவது ஹோல்ட்-ஓரம் நோய். கட்டைவிரல் சரியாக உருவாகாது, பலருக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டையும் இருக்கும். கைக்கும் இதயத்துக்கும் ஒரே மரபணு பொறுப்பு. மீனில் அது கெட்டால் மார்புத் துடுப்பு முளைப்பதில்லை. இதயமும் வளைந்து மடங்க வேண்டிய நேரத்தில் மடங்காமல் நூல் மாதிரி நீண்டுபோகும். இதை வீட்டில் சொன்னபோது அப்பத்தா கேட்டது: "மீனுக்கு ஏது ஆத்தா கட்டைவிரல்?"

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரையில் கணக்குக் காட்டும் மீன்கள் இந்தக் கடை மீன்கள் இல்லை. அதற்குப் பூர்வீகம் தெரிந்த மீன் வேண்டும். அது முறையான ஆய்வு நிலையத்திலிருந்து வரும். கடை மீன் கைப்பழக்கத்துக்கு. முட்டை கருவுற்று முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிவிடும், அதன்பின் கால் மணிக்கு ஒருதரம் பிளந்துகொண்டே போகும். அந்த முதல் முக்கால் மணிக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டைக்குள், மரபணுவை மாற்றும் கரைசலைச் செலுத்த, கண்ணாடி ஊசியை இறக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் உடைப்பார்கள், நானும் உடைத்தேன். விலை கூடிய மீனின் முட்டையை அப்படி உடைத்தால் ஆய்வு நெறியாளர் முகத்தில் விழிக்க முடியாது. இங்கே ஜோடி 30 ரூபாய். ஒரு நல்ல பெட்டை ஒரு காலையில் 200 முட்டை இடும்.

ஆண், பெண் பிரிப்பதில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. ஆண் ஒல்லியாக, கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்கும். பெண்ணுக்கு வயிறு வெள்ளியாகப் பருத்திருக்கும். புத்தகத்தில் படித்த நான் தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் குனிந்து நிற்பேன். அவர் பேச்சை நிறுத்தாமலே வலையை விட்டு அள்ளிவிடுவார்.

முதல் நாள் போனபோது மூன்று தொட்டியில் மூன்று சீட்டு ஒட்டியிருந்தது. ஜீப்ரா 30, லெப்பர்ட் 50, லாங்ஃபின் 60. மூன்றும் ஒரே மீன்தான் அண்ணே என்றேன். "கண்ணாடியை மாத்து ஆத்தா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. புள்ளி போட்ட லெப்பர்ட் மீனுக்கு அறிவியலாளர்களே ஒரு காலத்தில் தனி இனமாகப் பெயர் சூட்டியிருந்தார்கள். அப்புறம்தான் அது ஒற்றை மரபணு மாறிய ஜீப்ரா என்று தெரிந்தது. நிறச்செல்கள் பக்கத்துச் செல்லோடு பேசிக்கொள்ளக் கனெக்சின் என்ற புரதத்தால் ஆன சிறு வாய்க்கால் உண்டு. அது அடைபட்டால் கோடு அறுந்து புள்ளியாகிவிடும்.

சொன்னால் நம்பமாட்டார் என்று தெரிந்து, நீங்களே சேர்த்துப் பாருங்கள் என்றேன். புள்ளிப் பெட்டையும் கோட்டு ஆணும். குஞ்சுகள் வளர்ந்ததும் அத்தனையும் கோடு. "பார்த்தியா, புள்ளி தோத்துப்போச்சு" என்று சிரித்தார். இல்லை அண்ணே, இந்தக் குஞ்சுகளுக்குள்ளேயே ஒரு ஜோடி சேர்க்க வேண்டும் என்றேன். அதற்கு மனிதர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "கூடப்பிறந்ததுகளையா? நாங்க ஒரே கோயில்ல பொண்ணெடுக்குறதையே யோசிப்போம், நீ என்னடான்னா..." நகரத்தார் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதலில் எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள், கோயில் என்றால் அவர்களுக்கு வம்சப் பிரிவு. அந்தக் கணக்கை அவர் மீனுக்கும் வைத்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கணக்கு சரியானதுதான். ஜீப்ரா மீனை உடன்பிறப்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் முட்டை குறையும், குஞ்சு நோஞ்சானாகும். ஆய்வகங்களிலும் வேறு வேறு குடும்பத்து மீனைக் கலந்துதான் வம்சத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

கடைசியில் ஒரே ஒரு தடவை என்று சம்மதித்தார். மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் போனபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டினார்: மொத்தம் 141, புள்ளி 33. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பட்டாணிச் செடியில் இந்த நாலில் ஒரு பங்குக் கணக்கைக் கண்டுபிடித்த மெண்டலைப் பற்றி ஒரு வார்த்தை கேள்விப்படாமல் அவரே எண்ணியிருந்தார். லாங்ஃபின்னும் அப்படித்தானா என்று உடனே கேட்டார். இல்லை, அது ஓங்கிய பண்பு, முதல் தலைமுறையிலேயே தலைகாட்டிவிடும். செல்லில் பொட்டாசியம் போய்வரும் வாய்க்காலுக்கான, துடுப்பில் வேலைசெய்யக் கூடாத ஒரு மரபணு அங்கே விழித்துக்கொள்வதால்தான் துடுப்பு நீள்கிறது.

எனக்கு இதில் மயிர்க்கூச்செறிவது வேறு இடம். அந்த 50 ரூபாய் மீனின் கனெக்சினுக்கு ஈடான மனித மரபணுவில் மாற்றம் வந்த சிலருக்கு இதய மேலறைத் துடிப்பு தாறுமாறாகிறது. 60 ரூபாய் மீனின் மரபணுவுக்கு ஈடானது மனிதரில் பழுதானால் நீள் க்யூடி என்ற துடிப்புக் கோளாறு வரும். அழகுக்காக விற்கிற இரண்டும் இதயத்துடிப்பு மரபணுக்கள். 2013இல் வெளியான மரபுத்தொகுதி ஆய்வின்படி, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு ஜீப்ரா மீனில் சொந்தக்காரர் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றாலும் இரண்டு நாள் தொட்டியில் நிறுத்தி வைத்துத்தான் விடுவார். வாங்கிய பையை அப்படியே நம் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலக்கச் சொல்வார். நான் முதல் தடவை அவசரப்பட்டு நேரே கொட்டி ஆறு மீனை இழந்தேன். மெத்திலீன் நீலமும் இங்கே சின்னக் குப்பியில் கிடைக்கும். முட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் பூஞ்சை அண்டாது. ஒளிரும் புரதத்தை நுண்ணோக்கியில் பார்க்கப்போகிற முட்டைக்கு மட்டும் விடாதீர்கள், அந்த நீலமும் சேர்ந்து ஒளிரும்.

குறைகளும் உண்டு. போன வருடம் வாங்கிய ஒரு தொகுதி இரண்டே வாரத்தில் மெலிந்து, சிலவற்றுக்கு முதுகெலும்பு வளைந்தது. இது பெரும்பாலும் நுண்ணுயிர்த் தொற்றின் வேலை. தனித் தொட்டியில் வைத்திருந்ததால் மற்றவை தப்பின, எனக்கு ஆறு வாரம் போனது. கேட்டதற்கு முழுக் காசையும் திருப்பினார், ஆனால் வேறு ஊரிலிருந்து இறக்கிய சரக்கு என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மீன் குஞ்சுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் முட்டைப் பொட்டலத்தையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பாருங்கள். மேசையில் கிடந்த ஒன்றை வாங்கி, உப்புத்தண்ணீரில் ஒருநாள் காற்று விட்டுப் பார்த்தேன், பாதிகூடப் பொரியவில்லை. அப்புறம் அந்தச் சாயம் ஏற்றிய கண்ணாடி மீன். ஊசியால் சாயம் குத்திய மீனை விற்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. "பிள்ளைக கேக்குதுக ஆத்தா" என்பார். இதற்காகவே ஐந்தில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். மற்றபடி நாலு.

ஆய்வு மாணவி வண்ண மீன் கடையில் என்ன செய்கிறாய் என்று சக மாணவர்கள் கேலி செய்வதுண்டு. ஜீப்ரா மீனை மரபியல் ஆய்வுக்குக் கொண்டுவந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கரும் 1970களின் கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வளர்ப்பு மீன் கடையில்தான் வாங்கினார். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் நீந்துகிற ஏபி வம்சம் அந்தக் கடைச் சரக்கு. அதற்கும் முன்னால் அது நம் கங்கைப் பக்கத்து வாய்க்கால் மீன். 1822இல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் பெயரிட்டு எழுதி வைத்தது.

முட்டையிட வைக்கும் தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்புவோம். இல்லாவிட்டால் இட்ட முட்டையைத் தாயே தின்றுவிடும். இடுக்கில் விழுந்தால் தப்பிக்கும். அந்தக் கோலிக்குண்டை அண்ணன் எனக்கு எப்போதும் சும்மாவே அள்ளித் தந்துகொண்டிருந்தார். போன மாதம் செல்போனில் ஒரு நாள் வயதான கருவின் படத்தைக் காட்டினேன். கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே துடிக்கிற இதயம். நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தத் துடுப்பு முளைக்காத குஞ்சில் நாலை என்னிடம் கொடு, வளர்த்துக் காட்டுகிறேன் என்றார். அது ஒரு வாரம்கூடத் தாங்காது அண்ணே, தாங்கினாலும் மரபணு மாற்றிய மீன் ஆய்வக வாசலைத் தாண்டக்கூடாது என்றேன்.

"அப்படியா? சரி, நீ சட்டம் பேசுறே, நானும் பேசுறேன்" என்றார். இப்போது கோலிக்குண்டு ஒன்று ஒரு ரூபாய்.