டைப்-சி ஹெட்போன் கன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஹெட்போன் ஜாக் இல்லாத போனில் ஒயர் ஹெட்செட் மாட்ட கன்வெர்ட்டர் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் தன் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினால் காசை எடுக்காதீர்கள். உங்கள் போனில், உங்கள் ஹெட்செட்டை மாட்டிப் பாருங்கள். அவர் போனில் பாடுவது உங்கள் போனில் ஊமையாகலாம். சில கடைகளில் அது தெரிந்தேதான் விற்கிறார்கள்.

எங்கள் வீடு கோபாலபுரம் செக்போஸ்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம். அப்பா பாலக்காட்டுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர். வழியெல்லாம் பழைய பாட்டு ஓட வேண்டும். புளூடூத் வாங்கிக் கொடுத்ததில் ஒரு காது பஸ்ஸிலேயே தொலைந்தது. அப்புறம் ஒயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொழிஞ்சாம்பாறையில் ஒரு மொபைல் கடையில் 250 ரூபாய்க்கு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினார். அட்டைப்பெட்டியில் ‘டிஏசி சிப் உள்ளது’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கடைக்காரர் தன்னுடைய பழைய போனில் செருகிப் பாட்டும் போட்டுக் காட்டினார்.

வீட்டில் அப்பாவின் போனில் மாட்டினால் பாட்டு ஸ்பீக்கரிலேயே ஓடுகிறது. மறுநாள் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். “சார்ஜிங் போர்டு போயிருச்சுங்க ஐயா, மாத்திட்டா சரியாயிரும்” என்று சொல்லி, போனைக் கழற்றி, 900 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மாற்றிய பிறகும் ஸ்பீக்கர்தான். “சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா வேலை செய்யும்” என்பது அடுத்த பதில். இத்தனைக்கும் அந்த போனில் அதுவரை சார்ஜ் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. அதே ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டருக்கு போட்டோக்களும் போய்க்கொண்டிருந்தன. நல்ல போர்டைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ வந்த ஒரு போர்டை மாட்டியிருக்கிறார்கள். 250 ரூபாயைவிட எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

உண்மையில் நடப்பது இதுதான். ஹெட்செட்டுக்கு வேண்டியது அனலாக் சிக்னல், அதாவது ஒலியைப் போலவே ஏறி இறங்கும் மின்சாரம். போனுக்குள் பாட்டு இருப்பதோ டிஜிட்டலாக, அதாவது எண்களாக. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் வேலை டிஏசி சிப்புடையது. ஜாக் இருந்த காலத்தில் அது போனுக்குள்ளேயே இருந்து, ஜாக் வழியாக அனலாக்கை வெளியே அனுப்பியது. டைப்-சியில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், கன்வெர்ட்டரில் வெறும் ஒயர்தான் இருக்கும். செருகியதும் போன் அதை அடையாளம் கண்டு, வழக்கமாக டேட்டா போகும் முனைகளில் இடது, வலது ஒலியை அனலாக்காகவே அனுப்பும். போன் தயாரிக்கும்போதே இந்த வசதியை வைத்திருந்தால்தான் நடக்கும். இரண்டாவது வழியில், போன் டிஜிட்டலாகவே அனுப்ப, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் குட்டி டிஏசி அதை மாற்றிக் கொடுக்கும்.

பழைய சில மாடல்கள் முதல் வகையை ஏற்கும். 2017இல் வந்த கூகுள் பிக்சல் 2, 2019இல் வந்த சாம்சங் நோட் 10 போன்றவற்றுக்கு இரண்டாவது வகைதான். அப்பாவின் போனும் அந்த ரகம். கடைக்காரரின் பழைய போன் ஒயர் கன்வெர்ட்டரை ஏற்கும் ரகம். வித்தை அவ்வளவுதான்.

பெட்டியில்தான் டிஏசி என்று போட்டிருக்கிறதே, பார்த்துவிடலாம் என்று பிளேடால் கன்வெர்ட்டரின் தலையைப் பிளந்தேன். நகக்கண் அளவில் ஒரு பச்சைப் பலகை. அதில் தலைமுடி கனத்தில் சிவப்பு, பச்சை, செம்பு நிற ஒயர்களைப் பற்றவைத்து, மேலே பசை ஊற்றியிருந்தார்கள். சிப் என்று சொல்ல ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. பிறகு டிஏசி உள்ள ஒன்றைப் பொள்ளாச்சியில் வாங்கினோம். கடையிலேயே அப்பாவின் போனில் மாட்டி, ஒரு கால் பேசி மைக்கையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியை (வெளிக் கருவிகளை போனோடு இணைக்கும் வசதி) ஆன் செய்தால்தான் இந்த வகை வேலை செய்யும். சும்மா விட்டால் அது தானாக ஆஃப் ஆகிவிடும், அதையும் பாருங்கள்.

ஐபோன்காரர்களுக்கு வேறொரு ஏமாற்று. 2016இல் ஐபோன் 7 ஜாக்கை எடுத்ததிலிருந்து லைட்னிங் முனை (ஐபோனின் பழைய சார்ஜர் முனை) வைத்த ஒயர் ஹெட்செட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. சித்தி மகள் பாலக்காட்டில் ஒன்று வாங்கினாள். செருகினால் புளூடூத்தை ஆன் செய்யச் சொல்கிறது! கரன்ட்டை மட்டும் போனிலிருந்து உறிஞ்சிக்கொண்டு பாட்டைப் புளூடூத்தில் வாங்கும் சரக்கு அது. வாங்கும்போது புளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். கன்ட்ரோல் சென்டரில் தொட்டால் இணைப்பு மட்டும்தான் அறும், செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும்.

பில் கேட்டதற்கு அப்பாவிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரையோடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும் தவறு, பில்லில் வேறு கெடு இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் தவறு. “கேரளாவில் வாங்கியதற்கு யார் அங்கே போய் அலைவது” என்றுதான் நம் பக்கத்து ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். இந்தச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், எங்களுக்குக் கோயம்புத்தூர். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பார்க்கலாம்.

நாங்கள் 1915இல் பதிந்திருக்கிறோம். பிளந்த கன்வெர்ட்டர், பெட்டி, துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தாயிற்று. கடையிலிருந்து போன் வந்தது: பணத்துக்குப் பதில் ஒரு பேக் கவரும் டெம்பர் கிளாஸும் தருகிறார்களாம். 1,150 ரூபாயும் வேண்டும், கழற்றிய பழைய போர்டும் வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.