பழைய மின்விசிறி தேடிப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் செங்கோட்டை வீட்டுக் கூடத்தில் அப்பா 1974இல் தவணைக்கு வாங்கிய மின்விசிறி இன்னும் சுற்றுகிறது. கனத்த இரும்பு உடம்பு, சத்தமில்லாத ஓட்டம். அதன் கீழே படுத்து வளர்ந்தவன் என்பதால், இப்போது வரும் பொருளெல்லாம் தகர டப்பா என்று ஊருக்கே உபதேசம் செய்துகொண்டிருந்தேன். அந்த வாய்க்குக் கிடைத்த தண்டனைதான் இந்தப் பதிவு.

போன ஆனியில் மாடியறைக்கு ஒரு விசிறி தேவைப்பட்டது. "புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. கோட்டவாசல் தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூர்ப் பக்கம் போனேன். அங்கே சாலையோரக் கடை ஒன்றில் பழைய விசிறிகளுக்குப் புது வண்ணம் அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருப்பதை முன்பே பார்த்திருந்தேன். கடைக்காரர் ஒன்றை இறக்கி என் கையில் கொடுத்தார். கை தாழ்ந்தது. "பழய சாதனமா சேட்டா, ஒரிக்கலும் கேடாகில்ல" என்றார். கெடவே கெடாதாம். உள்ளே மோட்டாரில் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், அசல் செம்பு என்றும் சொன்னார். 3,200 ரூபாய். பில் கேட்டதற்குச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைக் காட்டி, 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய தடத்தில் இன்னும் நிற்கிறது பார் என்று மகனிடம் பெருமை பேசியது வேறு.

சாரல் காலத்தில் விசிறிக்கு வேலை இல்லை. பங்குனி வெயிலில் முழு வேகத்தில் வைத்தோம். நான்காம் நாள் இரவு வார்னிஷ் கருகும் நாற்றம்; விசிறி நின்றுவிட்டது.

தெருமுனையில் காயில் கட்டும் அண்ணாச்சி பிரித்துப் பார்த்தார். கருகாத ஓரத்தில் கம்பி செம்பு நிறத்தில்தான் இருந்தது. பிளேடால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பி, மேலே செம்பு நிற வார்னிஷ். உடம்பு மட்டும் பழையது, உள்ளே கட்டியது நேற்று.

அலுமினியம் கெட்ட பொருள் அல்ல. ஆனால் அதே தடிமனில் அதன் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு. அதற்கு ஈடுகட்டத் தடித்த கம்பி போட வேண்டும். செம்புக்கென்று அளந்து மோட்டாரில் வெட்டிய பழைய பள்ளத்தில் அது அடங்காது. மெல்லிய கம்பியையே சுற்றி அடைத்தால் சூடேறிக் கருகத்தான் செய்யும்.

என் புலம்பலைக் கேட்ட அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். "தம்பி, உங்கள் அப்பா ஃபேனுக்கு நானே இரண்டு தடவை காயில் கட்டியிருக்கிறேன். பேரிங் மாற்றியதற்குக் கணக்கே இல்லை. அதோடு வாங்கிய மற்ற ஃபேன்களெல்லாம் எங்கே? பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலம் என்கிறீர்கள்." எனக்குச் சுருக்கென்றது. பிரித்து மாட்ட முடிந்தது பழையதன் பெருமை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது 75 வாட் குடிக்கிறது, இப்போதைய பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 40 யூனிட் வித்தியாசம் வரும்.

கடைக்கு மறுபடி போனேன். அன்று "கெடாது" என்றவர், "பழைய சாமானுக்கு ஏது கியாரண்டி?" என்று கேட்டார். பில் இல்லாமல் அவரிடம் என்ன பேசுவது?

நமக்குக் கேரளக் கடை, தமிழ்நாட்டு வீடு என்பது சகஜம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனால் கையில் தாள் வேண்டும். "செம்புக் காயில்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள். எழுதித் தந்தாலும் மேல்மூடியைக் கழற்றச் சொல்லி, கம்பி நுனியை வெட்டிப் பாருங்கள். மேலே சுரண்டினால் மட்டும் போதாது, அலுமினியத்தின் மேல் செம்புத் தோல் போர்த்திய கம்பியும் இருக்கிறது. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தியபின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள்.

மாடியில் இப்போது புதிய விசிறி. கருகியதை நேற்றுப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். எடை பார்த்து 190 ரூபாய் கொடுத்தவர், "உள்ளே செம்பு இருந்திருந்தால் கூடுதலாகத் தந்திருப்பேன்" என்றார்.