கியூபெக் நகரில் ஒரு பகல்: கீழிருந்து ஏறுவதா, மேலிருந்து இறங்குவதா, மதில்மேல் நடப்பதா?

கனடாவின் கியூபெக் நகரைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பழைய நகரம் சிறியது. நல்ல செருப்பும் ஒரு வரைபடமும் இருந்தால் ஒரு பகலில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் எங்கே தொடங்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செங்குத்தான பாறை ஒன்று ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கீழே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கீழ் நகரம், சுமார் 60 மீட்டர் உயரத்தில் மேல் நகரம். எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறோமோ அதற்கேற்ப ஊரின் கதையே மாறிவிடுகிறது.

பெரும்பாலோர் மேலிருந்துதான் தொடங்குகிறார்கள். மொன்றியலிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் காரோட்டி வருபவருக்கு முதலில் கண்ணில் படுவது ஷாத்தோ ஃப்ரொன்தெனாக்கின் பச்சைக் கூரை. அதன் முன்னால் டஃபெரின் மேடை, அதற்குக் கீழே அகன்ற ஆறு. அங்கே நின்றுவிட்டுப் படிகளில் இறங்கி, கீழ் நகரத்தின் பெத்தி ஷாம்ப்லேன் தெருவுக்குப் போவது வழக்கமான பாதை. காட்சி உடனே கிடைக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றமும் இல்லை. வயதான பெற்றோருடன் வருபவர்கள் இதையே தேர்ந்தெடுக்கட்டும். திரும்பி மேலே வர, பழனி விஞ்ச் போலப் பாறையோடு ஏறும் பெட்டி ஒன்று 1879 முதல் ஓடுகிறது. அதன் கீழ் நிலையம், மிசிசிப்பி ஆற்றை ஆராய்ந்த லூயி ஜோலியே 1683-இல் கட்டிய வீட்டுக்குள் இருக்கிறது.

இந்தப் பாதையில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அந்தப் பச்சைக் கூரைக் கட்டிடத்தை அரண்மனை என்று நினைத்துக்கொண்டு திரும்புபவர்கள் ஏராளம். அது கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் பயணிகளை ஈர்ப்பதற்காகக் கட்டி 1893-இல் திறந்த ஓட்டல். அதாவது, 1608-இல் பிறந்த ஊரை அதன் மிக இளைய அத்தியாயங்களில் ஒன்றிலிருந்து படிக்கத் தொடங்குகிறோம். ஊர் பிறந்த இடத்துக்கு வந்து சேரும்போது கால் களைத்திருக்கும், நண்பகல் கூட்டமும் சேர்ந்திருக்கும். நான்கு புகைப்படங்களோடு அந்த இடம் முடிந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே, உடலில் தெம்பு இருப்பவர்களுக்கு என் பரிந்துரை கீழிருந்து ஏறுவதுதான். கடைகள் திறப்பதற்கு முன்பே பிளாஸ் ரோயால் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். பிரெஞ்சு ஆய்வாளர் சாமுவேல் தெ ஷாம்ப்லேன் 1608-இல் வணிகத்துக்கும் காவலுக்குமாக மரத்தால் குடியிருப்பு எழுப்பியது இங்கேதான். அந்த இடத்தில் இப்போது நோத்ர தாம் தெ விக்துவார் தேவாலயம் நிற்கிறது. 1688-இல் கட்டத் தொடங்கினார்கள். 1690-இலும் 1711-இலும் ஆங்கிலேயப் படையெடுப்புகள் தோற்றதற்கு நன்றியாக அதன் பெயரில் வெற்றி (பிரெஞ்சில் விக்துவார்) வந்து சேர்ந்தது. உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பலின் சிறு உருவம் தொங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைவீரர்களைச் சுமந்து வந்த ப்ரெஸே கப்பலின் மாதிரி அது.

வெளியே வந்ததும் கூரைகளைக் கவனியுங்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே சுவர் மட்டும் கூரையைத் தாண்டி மேலே எழுந்து நிற்கும். சில கூரைகளில் ஏணி சாய்த்து வைத்திருப்பார்கள். இரண்டும் தீக்குப் பயந்து வந்தவை. 1682-இல் பற்றிய தீயில் கீழ் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. அதன் பிறகுதான் கல் வீடு கட்டாயமாயிற்று. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்க இந்தச் சுவர், புகைபோக்கியில் தீப்பற்றினால் ஓடி ஏற அந்த ஏணி. சதுக்கத்தில் நாம் காணும் தோற்றத்தில் பெரும்பகுதி 1970-களில் நடந்த மீட்டமைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் வந்த அடுக்குகளை அகற்றினார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஊர் என்பது அடுக்கடுக்காக வளர்வது, ஒரு காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துடைப்பது நியாயமல்ல.

அங்கிருந்து ஷாம்ப்லேன் காலத்து ஏற்றமான கோத் தெ லா மொன்தாஞ் வழியாக மேலே போனால் கதை தானாகவே வரிசையில் விரிகிறது. வணிகம் கீழே, மதமும் ஆட்சியும் மேலே. 1639-இல் வந்த உர்சுலின் கன்னியர் மடம் மேல் நகரத்தில்தான் இருக்கிறது. 1759-இல் ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி மொன்காம், அந்த மடத்தின் தேவாலயத்தில் பீரங்கிக் குண்டு விழுந்து உண்டான பள்ளத்தில் புதைக்கப்பட்டார். 2001-இல்தான் அவருடைய எச்சங்களை வேறு கல்லறைக்கு எடுத்துச் சென்றார்கள். அருகில் உள்ள கவர்னர் தோட்டத்தில் வென்ற ஆங்கிலேயத் தளபதி வுல்ஃபுக்கும் தோற்ற மொன்காமுக்கும் சேர்த்து ஒரே தூண், 1828-இல் எழுப்பியது. வீரம் இருவருக்கும் ஒரே மரணத்தைத் தந்தது, வரலாறு ஒரே புகழைத் தந்தது, பின்வந்தோர் ஒரே நினைவுச் சின்னத்தைத் தந்தனர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே கல் நட்ட ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்?

அங்கிருந்து பாறை விளிம்பில் 310 படிகள் கொண்ட மரப்பாதையில் ஏறினால் ஆபிரகாம் சமவெளி. 1759 செப்டம்பர் 13 அன்று நடந்த சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. புதுச்சேரியை அறிந்தவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்கலாம். பிரிட்டனும் பிரான்சும் மோதிய அதே ஏழாண்டுப் போரில்தான் 1761-இல் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது, கியூபெக் திரும்பவில்லை. ஆனால் பிரெஞ்சு மொழி இங்கே அன்றாடத் தெருமொழியாக வாழ்கிறது. ஆட்சி போன பின் மொழியைக் காப்பாற்றிக்கொண்ட மக்களின் ஊர் என்பதால் தமிழர்களுக்கு இது கூடுதலாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வழி கோட்டை மதில். சுமார் 4.6 கிலோமீட்டர். மெக்சிகோவுக்கு வடக்கே மதில் அழியாமல் நிற்கும் நகரம் இது ஒன்றுதான். 1985-இல் பழைய கியூபெக் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு இதுவும் காரணம். சேன் லூயி வாசலிலிருந்து சேன் ஜான் வாசல் வரை மதில்மேலேயே இலவசமாக நடக்கலாம். கூட்டம் குறைவு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் வாசல்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்றைய சேன் ஜான் வாசல் 1939-இல் கட்டியது, பிரெஸ்காட் வாசல் 1983-இல் கட்டியது. மதிலே 19-ஆம் நூற்றாண்டில் இடிபட இருந்தது, கவர்னர் ஜெனரல் டஃபெரின் பிரபு தடுத்ததால் பிழைத்தது. எனினும் மதிலிலிருந்து வீடுகளின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. இரண்டாவது முறை வருபவர்களுக்கு இது அருமையான பாதை, முதல் முறைக்குப் போதாது.

குளிர்காலத்தில் கணக்கு மாறும். 310 படிப் பாதையை மூடிவிடுவார்கள், மதிலின் மேற்பரப்பும் பனியில் வழுக்கும். அப்போதும் கீழிருந்தே தொடங்குங்கள். ஏற்றத்துக்கு மட்டும் பாறையோடு ஏறும் பெட்டியைப் பிடித்து, சேன் லூயி தெரு வழியாக வாசலைத் தாண்டிச் சமவெளிக்குப் போய்விடலாம்.