மாடிக்கு நெட் கேபிள் இழுத்த கதை

மதுரையில் எங்களுடையது பழைய கான்கிரீட் வீடு. மோடம் கீழே ஹாலில், என் வேலை மாடி அறையில். வைஃபை மாடிப்படியிலேயே மூச்சு வாங்கிவிடும். தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் சொன்னேன், மறுநாளே ஆள் வந்தார்.

தளத்தைத் துளைக்க வேண்டாம் என்றார். பழைய டிவி கேபிள் போன குழாய் சுவருக்குள் சும்மா கிடந்தது. அந்தக் கேபிளின் நுனியிலேயே புது கேட் 6 நெட் ஒயரை டேப் சுற்றிக் கட்டினார். நான் மேலிருந்து இழுக்க, அவர் கீழிருந்து ஊட்டிவிட, பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. கரண்ட் ஒயர் போகும் குழாயில் விடலாமே என்று அம்மா கேட்டதற்கு, கூடவே கூடாது என்று கறாராகச் சொன்னார். பிடித்திருந்தது.

அப்புறம்தான் வினை. எங்கள் நெட் பிளானின் வேகம் 300 எம்பிபிஎஸ். மாடியில் 94-க்கு மேல் ஏறவில்லை. ஒயர் முனையில் மாட்டிய பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டு இழைகளில் பழுப்பு நிறம் மட்டும் நுனிவரை போகவே இல்லை. எட்டும் சேர்ந்தால்தான் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை போகும். இல்லையென்றால் 100-ஓடு நின்றுவிடும். போன் செய்தால், "நெட்டே அவ்வளவுதான் சார்" என்கிறார்! மூன்று நாள் நச்சரித்த பிறகு வந்து புதுக் கிளிப் அடித்தார். இப்போது 290 வருகிறது.

ஒயர் சுத்தச் செம்புதான், சுரண்டிப் பார்த்துவிட்டேன். கூலியோடு 1,400 ரூபாய். எட்டு இழையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் அன்றைக்கும் அவர் பையிலேயே இருந்ததாம், எடுக்கத்தான் இல்லை. அதற்காகவே ஒன்றரை நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.