சிலோன் போன பாதை: அரைநாள் வேன் பயணம், 5க்கு 3

சிலோனுக்குக் கூலி போன பாதையைக் காட்டுகிறோம் என்று ராமேஸ்வரத்தில் ஒரு வேன்காரர் மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று அரைநாள் கூட்டிப் போகிறார், தலைக்கு 600 ரூபாய். ஏசி பேருக்குத்தான். ஆனால் கூட வரும் பெரியவர் பேச்சுக்காகவே போகலாம்.

1815இல் கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போனதும், அப்புறம் காப்பித் தோட்டம் போட மலைக்காட்டை ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் தூக்கிக் கொடுத்ததும், வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளே இருந்ததும் எல்லாம் அவர் வாயில் கேட்க வேண்டும். சிங்களக் குடியானவருக்குச் சொந்த வயல் இருந்தது, காப்பித் தோட்டக் கூலிக்கு அவர் வரவில்லை, அதனால்தான் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர், நம்ம ஊர்ப்பக்கம் ஆள் பிடிக்க வந்தார். அவர் கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். 'இவ்வளவு கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம்' என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதித் தரும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இத்தனைக்கும் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1830களில் ஒழித்தது இதே அரசாங்கம்தான்! நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி போட்டு 1848இல் மாத்தளையில் கலகம் வெடித்ததைச் சொன்னபோது வேனே சிரித்தது.

சொதப்பல் தனுஷ்கோடியில். இடிந்த ஸ்டேஷன் முன்னால் நிறுத்தி, "காப்பிக் காலத்துல இங்கதான் கப்பல் ஏறினாங்க" என்கிறார். இங்கிருந்து சிலோன் கரையிலுள்ள தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். காப்பியில் இலைநோய் விழுந்ததோ 1869இல், அடுத்த இருபது வருஷத்துக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. காப்பிக்குப் போனவர்கள் தொண்டி, பாம்பன் துறைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள், ஏறக்குறைய 150 மைல், வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) கூட்டம் கூட்டமாகக் கிளம்பியதும் கப்பலுக்கு முந்தைய காலத்தில்தான். சிலோன் போகிற கூலிகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்த மண்டபம் முகாம்கூட இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். இதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "அப்படியா தம்பி" என்று தலையாட்டிவிட்டு, பின்னால் வந்த வேனில் இருந்தவர்களிடமும் அதே கப்பலைத்தான் ஏற்றினார்.

பாம்பன் துறையில் பத்து நிமிஷம், கமிஷனுக்காகச் சங்குக் கடையில் முக்கால் மணி நேரம். தொண்டிப் பக்கமே போகவில்லை, தூரம் என்கிறார்கள். சரி, முழுநாளாக்கி இன்னும் 400 கேட்டாலும் கொடுப்பேன். போகிறவர்கள் முன்பதிவிலேயே சங்குக் கடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்டால் விட்டுவிடுகிறார்கள்.