எல்-1 போதுமா, தரத்துக்கும் மதிப்பெண் வேண்டுமா?

மத்திய அரசு டெண்டர்களில் பழகிய வழி எல்-1: தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. ஏ4 தாள், நாற்காலி வாங்க இதுவே சரி, வேறொன்றும் தேவையில்லை. சுரங்கப்பாதை, மென்பொருள் என்று வரும்போதுதான் சிக்கல். கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்தவர் பாதியில் வேலையை நிறுத்துகிறார், அல்லது கூடுதல் தொகை கேட்டு வழக்குக்குப் போகிறார்.

2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கும் தரம்-விலை முறையை, அதாவது இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் வழியை, திறந்துவிட்டது. தரத்தின் பங்கு அதிகபட்சம் 30%, மீதி 70% விலைக்கு; குறைந்த விலைக்கு 100 மதிப்பெண், கூடிய விலைக்கு அதே விகிதத்தில் குறைவு. கணக்கைப் பாருங்கள்: ஒருவர் விலை 100 லட்சம், தர மதிப்பெண் 70; மொத்தம் 21 + 70 = 91. இன்னொருவர் 110 லட்சம், தரம் 95, 28.5 + 63.6 = 92.1. இரண்டாமவர் ஜெயிக்கிறார். தரம் 90 ஆகியிருந்தால் தோற்றிருப்பார்!

அந்த 5 மதிப்பெண்ணில்தான் முறைகேடு நுழையும். ‘நல்ல அனுபவம்’ என்று எழுதவே கூடாது. ‘5 ஆண்டுகளில் முடித்த இதே வகைப் பணி ஒவ்வொன்றுக்கும் 5, உச்சம் 20’ என்று டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். தர மதிப்பெண்ணை அறிவித்த பிறகே விலை உறையைப் பிரிக்க வேண்டும்.